எட்டுத் தலையும் ஆடினது

நிலாவெளிக்குப் போய் புறாமலையில ஸ்நோர்க்கலிங் செய்யாமல் வந்தால் போனதுக்குக் கணக்கே இல்லை எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நாங்களும் எட்டுப் பேர் போனோம். ஏறும்போது போட்கார அண்ணை கேட்டது ஒரேயொரு கேள்வி: "எல்லாருக்கும் நீந்தத் தெரியும்தானே?" எட்டுத் தலையும் ஆடினது. உண்மையில் தெரிந்தது மூன்று பேருக்கு.

எங்களைக் கேட்டால், முதல்தரம் போகிறவர்கள் விடுகிற பெரிய பிழை இந்தத் தலையாட்டல்தான். தீவில் பிறந்தோம், கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தோம். ஆனால் கனபேரை வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணிக்குள் இறங்க விட்டதில்லை. பொம்பிளைப் பிள்ளைகள் எண்டால் கேக்கவே வேண்டாம். இதில் வெட்கப்பட என்ன இருக்கு? வாய் திறந்து சொல்லியிருந்தால் அண்ணை எங்களை ஆழமில்லாத பக்கம் இறக்கியிருப்பார். லைஃப் ஜக்கற்றை "போட்டோவுக்கு வடிவில்லை" எண்டு கழட்டவும் விட்டிருக்க மாட்டார்.

நடந்தது இதுதான். ஒருத்தியின் மாஸ்க்குக்குள் தண்ணி போச்சு. மூக்கால் மூச்செடுக்கப் பார்த்தாள், பதறினாள், கால் எட்டின இடத்தில் ஏறி நிண்டாள். அது முருகைக்கல். பாதம் கிழிஞ்சு இரத்தம். காயம் ரெண்டு கிழமையில் ஆறிட்டுது. காலுக்குக் கீழே முறிஞ்சது அப்படி ஆறாது. பேர்தான் கல்லே தவிர அது உயிருள்ளது. உருண்டைப் பாறை மாதிரி வளருகிற வகைகள் வருசத்துக்கு ஒண்டு ரெண்டு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிசு. புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா எண்டு தெரிஞ்சு, ரிக்கற் எடுத்துத்தான் போனோம். போயும் மிதிச்சோம்.

இடுப்பளவு தண்ணியில் ஒரு பத்து நிமிசம் பழகியிருந்தால் காணும். மாஸ்க்கை வாரில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கோ. விழாமல் நிண்டால் உங்களுக்கு அளவு. ஓரத்துக்குள் ஒரு முடி மாட்டினாலும் தண்ணி உள்ளே வரும். கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவினால் புகார் பிடிக்காது (அருவருப்புத்தான், ஆனால் வேலை செய்யும்). குழாய்க்குள் தண்ணி வந்தால் பதறாமல் ஒரே ஊதாய் ஊதி வெளியே தள்ளுங்கோ. களைச்சால் மல்லாந்து மிதவுங்கோ, கால் ஊன்ற இடம் தேடாதேங்கோ.

மற்றதெல்லாம் சின்னச் சங்கதி. மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் அந்தப் பக்கக் கடல் அமைதி, அதிலும் காலமைதான் நல்லம். முதுகு கருகாமல் இருக்க ரீசேட்டோடு இறங்குங்கோ. செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்களைக் கண்டால் கத்தாதேங்கோ, அதுகளே விலகிப் போகும்.

எங்கள் ஐந்து பேரில் ரெண்டு பேர் நீந்தப் பழகத் தொடங்கிட்டினம். மற்ற மூண்டு பேரும், பொம்பிளைப் பிள்ளைகளுக்கெண்டு தனியா நேரம் ஒதுக்கிற நீச்சல் தடாகம் ஒண்டைத் தேடி இன்னும் திரியினம்.