சபையிலே நடுவர் யார்?

பம்பலப்பிட்டி என்றதும் தமிழ் மக்களின் நெஞ்சில் எழுவன கதிரேசன் கோவிலும் ஆடிவேல் விழாவும் சரஸ்வதி மண்டபமும் ஆகும். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் உத்தியோகம் தேடி வந்தோர் வாடகை வீட்டில் சிக்கனமாக வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஊரிலுள்ள காணியையும் காத்த இடம் அது. அங்கிருந்து காலி வீதி வழியே வடக்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் இன்று வேறோர் உலகம் கண்ணிற் படுகிறது. கொள்ளுப்பிட்டியிலும் கொம்பனித்தெருவிலும் கசினோ மண்டபங்கள் இரவைப் பகலாக்கி நிற்கின்றன. 2025 ஆகஸ்ட் மாதத்தில் ‘சிட்டி ஒவ் டிரீம்ஸ்’ என்னும் பெருமண்டபமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. பலர் ஒருங்கே கட்டணம் செலுத்திப் பரிசுக்காகச் சீட்டாடும் போக்கர் சுற்றுப்போட்டிகளும் கொழும்பில் நடந்து வந்துள்ளன. அப்போட்டிகளை எந்த விதியின்படி நடத்துவது என்பதைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறோம்.

சூதாட்டத்தைப் பற்றித் தலையங்கமா என்று வாசகர் வியக்கக்கூடும். சூதை நாம் போற்றவில்லை. வள்ளுவப் பெருந்தகை அதன் கேட்டைச் சொல்வதற்கென்றே திருக்குறளில் 94 ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். அதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால், ஒரு தொழிலுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கி, அதிலிருந்து வரியும் பெறத் தொடங்கிய அரசாங்கத்துக்கு, அத்தொழில் நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்கும் கடமையும் உண்டு. சந்தையிலுள்ள தராசுக்கு முத்திரை குத்தும் அரசாங்கம் சீட்டு மேசையைக் காணாமல் விடலாமா?

இத்துறையில் இந்நாட்டின் சட்ட வரலாறு விசித்திரமானது. 1889 ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம், பொது இடங்களிலும் சூதாட்ட இல்லங்களிலும் பணயம் வைத்து ஆடுவதைக் குற்றமாக்கியது. 1988 இல் பந்தய, சூதாட்ட வரிச் சட்டம் வந்தது. கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டமோ 2010 இலேதான் பிறந்தது. அதன் கீழ் அனுமதிப் பத்திரம் வழங்கும் விதிகள் வெளிவர 2022 ஆம் ஆண்டாயிற்று. வரி முந்திற்று, ஒழுங்கு பிந்திற்று! சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றை நிறுவும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 இல் நிறைவேற்றியது. இலங்கையர் மண்டபத்துள் நுழைவதற்குச் செலுத்தும் வரியை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தவும் அதே ஆண்டில் மந்திரி சபை முடிவு செய்தது. வாசலுக்கு விதி வந்துவிட்டது. மேசைக்கு?

சுற்றுப்போட்டியில் ஒவ்வொருவரும் ஒரே அளவான கட்டணம் செலுத்தி, ஒரே எண்ணிக்கையான வில்லைகளைப் பெறுகின்றனர். அவ்வில்லைகளைப் பாதியில் பணமாக மாற்றிக்கொண்டு எழுந்துவிட முடியாது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை கட்டாயப் பணயத்தின் அளவு உயரும். வில்லைகளை இழந்தவர் வெளியேறுவார்; கடைசிவரை நின்ற சிலர் பரிசைப் பெறுவர். செலுத்திய கட்டணத்துக்கு மேல் ஒருவர் இழப்பதற்கில்லை என்பதே இம்முறையின் நற்குணம். ஆனால், தோற்றவர் மீண்டும் மீண்டும் கட்டணம் செலுத்தி உள்ளே வரலாம் என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் அந்த வேலி சாய்ந்துவிடும்.

நம்மூர்த் திண்ணையில் முந்நூற்றுநாலு ஆடியோருக்கு மற்றோர் அபாயமும் விளங்கும். கூட்டாளிக்குச் சாடை காட்டினால் கள்ள ஆட்டம் என்று எழுந்துவிடுவோம். முந்நூற்றுநாலில் கூட்டாளியாவது உண்டு. போக்கரில் ஒவ்வொருவரும் தனியாள். அங்கே இருவர் இரகசியமாகக் கூடி, ஒருவர் தம் வில்லைகளை மற்றவருக்கு வேண்டுமென்றே தோற்றால், மேசையிலுள்ள ஏனையோர் கொள்ளையிடப்படுகின்றனர். இருக்கையைக் குலுக்கல் முறையில் வழங்குவதும், கையிருப்பு முழுவதையும் பணயம் வைத்து மேற்கொண்டு பணயத்துக்கு இடமில்லாதபோது சீட்டுகளை எல்லோரும் காண விரிப்பதும், ஒரு கைக்கு ஒரே ஆட்டக்காரர் என்பதும் இதைத் தடுக்கவே ஏற்பட்ட விதிகள்.

இவற்றின் அருமையை அறிய அத்தினாபுரத்துச் சபையே போதும். துரியோதனன் பணயம் வைத்தான். சகுனி காயை உருட்டினான். ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுவது முறையன்று என்று தருமன் ஆட்சேபித்தான். அதை விசாரிக்க ஆளில்லை. நாடு போயிற்று, தம்பியர் போயினர், தானும் போனான், அதன் பின்னரும் பாஞ்சாலியைப் பணயம் வைத்தான். தன்னை இழந்தவனுக்கு என்னை வைக்க உரிமை ஏது என்று அவள் கேட்டாள். தருமம் நுட்பமானது என்றார் பீஷ்மர். விதுரனும் விகர்ணனும் பேசிய நியாயம் எடுபடவில்லை. சபையிலே பெரியவர் பலர் இருந்தனர். நடுவர் ஒருவரும் இல்லை.

லாஸ் வேகாஸ் நகரில் 1970 இல் உலகப் போக்கர் தொடர் தொடங்கிற்று. மண்டபத்துக்கு மண்டபம் விதி வேறுபட்டு நின்ற நிலையை மாற்றவே 2001 இல் போட்டி நெறியாளர் சங்கம் ஒன்று தோன்றிப் பொது விதிகளை வகுத்தது. ஆட்டத்தின் நலனும் நேர்மையுமே முதன்மை என்பது அதன் முதல் விதி. ஆயினும், அது சட்டமன்று. விரும்பிய மண்டபம் ஏற்கலாம். பிணக்கு எழுந்தால் நெறியாளரின் தீர்ப்பே முடிவு. அந்நெறியாளரோ மண்டபத்திடம் சம்பளம் பெறுபவர். மண்டபத்துக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே வழக்கு வந்தால் என் செய்வது?

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்று அயலகத்தில் பெருவாதம் நடந்தது. ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கொண்டது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை இந்தியப் பாராளுமன்றம் 2025 இல் ஒருங்கே தடை செய்தது. அவ்வாதம் அறிஞருக்கு இருக்கட்டும். திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் செலுத்தியவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

ஆகவே, அதிகாரசபையிடம் நாம் கோருவன இவை: கட்டணத்தில் பரிசுக்கு எவ்வளவு, மண்டபத்துக்கு எவ்வளவு என்பது முதற்சீட்டு விழுமுன் எழுதி ஒட்டப்படல் வேண்டும். பரிசுப் பங்கீடு இடையில் மாற்றப்படலாகாது. மறுமுறை நுழைவதற்கு எல்லை வேண்டும். தீர்ப்புகள் ஏட்டிற் பதியப்பட்டு, மண்டபத்தைச் சாராத ஒருவரிடம் மேன்முறையீடு செய்ய வழி இருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று. எம்மொழிகளில் பேசலாம் என்பதை மண்டபம் அறிவித்தல் வேண்டும் என்று மேற்கூறிய பொது விதிகள் சொல்கின்றன. வாயாற் சொன்ன சொல்லே பணயமாகக் கட்டுப்படுத்தும் ஆட்டத்தில், மொழி தெரியாதவர் பாதி தோற்றவரே. 1956 இல் ஒரு மொழிச் சட்டம் நமக்கு விளைத்த துன்பத்தை நாம் மறக்கவில்லை. 1987 இல் செய்யப்பட்ட 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்கிறது. அரச அனுமதி பெற்ற மண்டபத்தின் விதிகள் தமிழிலும் தொங்குவதே நீதி.

வாசகருக்கு ஒரு சொல். வெங்காயம் விற்ற காசும், அலுவலகத்தில் மாதமெல்லாம் உழைத்த சம்பளமும் அம்மேசைக்குச் செல்லாதிருப்பதே மேல். எத்துணைச் சிறந்த விதியும் தோற்பவரை வெல்ல வைக்காது. ஏமாற்றப்படாமல் தோற்கும் உரிமையையே அது தரும். அந்தச் சிறு உரிமையைத்தானும் காக்க இயலாத அரசாங்கம், வாசலில் நின்று நூறு டொலர் வாங்குவதற்கு எந்த நியாயத்தைக் காட்டப் போகிறது?