முதலில் அந்தத் தங்கூசியை அவிழுங்கள்

 

போன ஞாயிறு காலை, வேதாரண்யம் பக்கம் ஒரு மீன் குளத்தின் குறுக்கே கட்டியிருந்த தங்கூசி நூலில் ஒரு விரால் அடிப்பான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நூல் இறக்கையைச் சுற்றி எலும்பு வரை அறுத்திருந்தது. நானும் குளத்துக் காவலாளியும் சேர்ந்து அறுத்து இறக்கினோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நாலு முறை போன் செய்தேன். ஐந்தாவது முறை எடுத்தவர், "கழுகா, பருந்தா சார்?" என்றார். மதியத்துக்குள் அது செத்துவிட்டது.

இதை டீக்கடையில் சொன்னபோது குளத்துக்காரத் தம்பி கேட்டான்: "சார், உங்களுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. என் மீன் போனா யாரு குடுப்பா?"

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். அப்போதே கணக்கில் கெட்டிக்காரன். கேள்வியும் நியாயமானதுதான். அதனால் கணக்கே போடுவோம்.

வட ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு அக்டோபர் வாக்கில் வரும் இந்தப் பறவை மார்ச் வரை இருக்கும். தின்பது மீன் மட்டும்தான், நாளைக்கு 300 முதல் 400 கிராம். 150 நாளும் உன் ஒரு குளத்திலேயே தின்கிறது என்று வைத்தாலும் 60 கிலோ. கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 7,200 ரூபாய். ஆனால் அது கோடியக்கரைக் காயலுக்கும் போகும், அடுத்தவன் குளத்துக்கும் போகும். மேகமூட்டமான ஒரே இரவில் ஆக்சிஜன் குறைந்து விடியலில் எத்தனை மீன் செத்து மிதக்கிறது, தம்பி? அதற்கு யார் மேல் கோபப்பட்டாய்?

உன் குளத்தைக் காலி செய்வது கூட்டமாக வரும் நீர்க்காகம். அது கரையில் இறங்கி நூலுக்கு அடியில் நடந்தே தண்ணீருக்குள் போவதை நானே பார்த்திருக்கிறேன். மேலிருந்து மீனை மட்டும் பார்த்துக் கால்களை நீட்டிப் பாய்கிற பறவைக்குத்தான் கண்ணாடி மாதிரி இருக்கிற நூல் தெரிவதில்லை. திருடனை விட்டுவிட்டு விருந்தாளியைத் தூக்கில் போடுகிற காவல் இது. மூன்று வயது தாண்டித்தான் அது முட்டையே இடும். இட்டாலும் இரண்டு மூன்றுதான். ஒன்று செத்தால் அந்த இடம் லேசில் நிரம்பாது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை இது. சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கு விருப்பமில்லை. நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கத்தில் மீன் வலைகளையே கட்டி, வலசை வந்த அமூர் வல்லூறுகளை 2012 வரை ஆயிரக்கணக்கில் பிடித்து விற்றார்கள். அவர்களுக்கும் அது பிழைப்புதான். ஊர் கூடிப் பேசி அடுத்த வருடமே நிறுத்தினார்கள்.

என் கோபம் உன்மேல் பாதிதான். மீதி, மானியம் கொடுப்பவர்கள்மேல். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குளம் வெட்ட 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 60 சதவீதம் தருகிறார்கள். நல்லது. அந்தப் பணத்தோடு, தங்கூசி கட்டக் கூடாது என்று ஒரு வரி நிபந்தனை போட என்ன கஷ்டம்? பறவை தின்ற மீனுக்கு இழப்பீடு கேட்டு நீ மனு எழுது, முதல் கையெழுத்து நான் போடுகிறேன். பெரிய பெரிய அறிக்கை வெளியிடுகிற பறவை ஆர்வலர்களும் கொஞ்சம் குளத்துக்காரன் பக்கம் நின்று பேச வேண்டும். கேமராவோடு வந்து படம் எடுத்துவிட்டுப் போனால் போதாது.

குஞ்சு விடும் சின்னக் குளத்தை மட்டும் கனமான, கண்ணுக்குத் தெரிகிற வலையால் தொய்வில்லாமல் மூடலாம். பெரிய குளத்துக்குத் தடித்த மஞ்சள் கயிறு போதும், இடையிடையே ரிப்பன் கட்டி. செத்த மீனைக் கரையில் வீசாமல் புதைத்தால் கள்ளப்பருந்தும் கூடாது. நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான், பறவை சாஸ்திரம் இல்லை. இதற்கு அது தேவையும் இல்லை.

தம்பி, சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளத்துக்கு வருகிறேன். கயிறு என் பென்ஷன் செலவு. நீ ஏணி மட்டும் எடுத்து வை.