ஒரு மணி நேரம் தாருங்கள்

சென்ற மாதம் சந்தா வசூலுக்காகத் தாராவியில் ஒரு சந்துக்குள் போயிருந்தோம். ஒரு வீட்டின் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. அழுகை என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் விசாரித்தோம். "அது பேச்சு வராத பிள்ளை, அண்ணாச்சி. அவுங்க அம்மா நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கப் போயிருக்காங்க. மத்தியானம் வந்துருவாங்க" என்றார்கள். பிள்ளைக்கு வயது ஒன்பது.

அந்த வீட்டில் நாம் பதினோரு ஆண்டுகளாகச் சந்தா வாங்குகிறோம். ரசீதில் குடும்பத் தலைவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் நம் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

அந்தத் தாயைக் குறை சொல்ல நாம் யார்? பூட்டாமல் போனால் பிள்ளை சாலைக்கு ஓடிவிடும். வேலைக்குப் போகாவிட்டால் இரவுக்கு உலை வைக்க அரிசி இருக்காது. உள்ளே அடுப்பும் சிலிண்டரும் இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் பூட்டுகிறார். நான்கு வீட்டுப் பாத்திரம் தேய்த்து முடிக்கும்வரை அவர் மனம் அந்தப் பூட்டிலேயே கிடக்கும். குற்றம் யாருடையது என்றால், சுற்றிலும் நூறு தமிழ்க் குடும்பங்கள் இருந்தும் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இல்லாமல் வைத்திருக்கிற நம்முடையதுதான்.

பெயர் வைப்பதில் நம் அரசுகளுக்குக் குறையில்லை. முன்பு ஊனமுற்றோர் என்றார்கள். 2010-இல் தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சியில் மாற்றுத்திறனாளிகள் என்று மரியாதையான பெயர் வந்தது. தில்லியில் இப்போது திவ்யாங் என்கிறார்கள். நல்ல பெயர்கள்தான். ஆனால் நம் சந்தில் பொதுக் கழிவறையின் படி மாறவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறுகிற தாய்க்குப் பெயர் எதுவானால் என்ன?

சட்டமும் இல்லாமல் இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றிருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் அது நடப்பில் உள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அரசின் வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் இவர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. குடிசைகளை இடித்து மாடி வீடு தருகிறோம் என்று பேசுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று இது.

பின் ஏன் இவை நம் சந்துக்குள் வரவில்லை? எல்லாவற்றுக்கும் சாவி ஊனச் சான்றிதழ். அதை வாங்க, மனுப் போட ஒரு நாள், மருத்துவர் பார்க்க ஒரு நாள், சோதனைக்கு ஒரு நாள், கையெழுத்துக்கு ஒரு நாள் அலைய வேண்டியிருக்கிறது. நாள் கூலிக்காரருக்கு நான்கு நாள் என்றால் நான்கு நாள் சம்பளம். வீட்டு வேலைக்குப் போகும் பெண் அடிக்கடி லீவு கேட்டால் அந்த வீடே போய்விடும். மராத்தியோ இந்தியோ திருத்தமாகப் பேச வராதவர் எந்த ஜன்னலில் நிற்பது என்று கேட்கவே தயங்குகிறார். ஒரு முறை விரட்டப்பட்டால் மறுமுறை போவதில்லை. ஆக, சட்டத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்பது பெரிய மலையல்ல. நான்கு நாள் கூலியும், கூட வர ஒரு ஆளும்தான்.

ரயில்வேயில் வேலை செய்கிற நாம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கும், துணையின்றித் தனியே பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும், பணிக்காலத்தில் 730 நாள்வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. குறைபாடுள்ள பிள்ளையானால் 22 வயதுவரைதான் என்றிருந்த வரம்பும் 2018-இல் நீக்கப்பட்டது. நியாயமான விதி. ஆனால் அதே நடைமேடையைப் பெருக்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த விடுப்பு ஒரு நாள்கூடக் கிடையாது. பிள்ளைக்குக் குறை ஒன்றுதான். தாய்க்குக் கிடைக்கும் நாள்தான் வேறு. இந்த அநீதியை நம் மேடைகளில் நாம் பேசியதே இல்லை.

உதவித் தொகையிலும் இடம்பெயர்ந்தவனுக்கே அடி. அடையாள அட்டை இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் மாதாந்தர உதவியை அந்தந்த மாநிலம் தன் விதிப்படி தருகிறது. மகாராஷ்டிரத்தின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்துக்கு 15 ஆண்டுகள் இந்த மாநிலத்தில் வசித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். ரேஷன் கார்டை ஊரில் வைத்துவிட்டு இங்கே வாடகைக் கோலியில் இருப்பவர் எதைக் காட்டுவார்? ஊரில் கேட்டால் நீங்கள் மும்பைக்காரர் என்கிறார்கள். இங்கே கேட்டால் மதராஸி என்கிறார்கள். இரண்டு மாநிலத்துக்கும் உழைத்துக் கொடுத்தவனின் பிள்ளை இரண்டிலும் சேர்த்தியில்லை. எங்கே வாழ்கிறதோ அங்கே பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

கோரிக்கை வெல்லும்வரை பிள்ளை காத்திருக்காது. ஆகவே நம் கையில் இருப்பதை முதலில் செய்வோம்.

முதலாவது, நேரம். ஒரு சந்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், வாரத்தில் வீட்டுக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் முறை வைத்து அந்தப் பிள்ளையோடு இருக்கலாம். இதற்குப் படிப்பு வேண்டாம். பிள்ளைக்கு வலிப்பு உண்டா, எதைச் சாப்பிடும், எதற்கு மிரளும் என்று தாயிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். முதல் சில நாள் தாய் வீட்டில் இருக்கும்போதே போய்ப் பழகுங்கள். தனி ஆளாக அல்ல, இருவராகப் போங்கள். பிள்ளையின் பாதுகாப்புக்கும் தாயின் நிம்மதிக்கும் அது தேவை.

இரண்டாவது, துணை. சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். ஷிப்டு மாற்றி ஓய்வு கிடைக்கிற ரயில்வே, மில், முனிசிபாலிட்டி தோழர்கள் மாதம் ஒரு நாள் இதற்குத் தரட்டும். காது கேட்பதில் சந்தேகம் என்றால் பாந்த்ராவில் அலி யாவர் ஜங் நிறுவனம் இருக்கிறது. கை கால் குறைபாட்டுக்கு ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. "அவுங்க அப்பாவுக்கும் லேட்டாத்தான் பேச்சு வந்துச்சு" என்று ஆண்டுக் கணக்கில் காத்திருக்காதீர்கள். காதைச் சோதிக்க வயது வரம்பு கிடையாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளை குழம்பிவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டு, தாய்மார்கள் பிள்ளையிடம் அரைகுறை இந்தி பேசுகிறார்கள். சிலர் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பேச்சு கெடுவதில்லை என்றே ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. தாய்க்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அதிலேயே கொஞ்சட்டும்.

மூன்றாவது, பயணம். தனியே பயணம் செய்ய இயலாத கை கால் குறைபாடு உடையவருக்கும், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையவருக்கும், முழுப் பார்வை இல்லாதவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. கூடப் போகும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. காதும் கேளாமல் பேச்சும் வராதவருக்கு 50 விழுக்காடு. 2020 மார்ச்சில் முதியோர் சலுகை உட்படப் பல சலுகைகளை நிறுத்தியபோதும் இதை நிறுத்தவில்லை. தட்கலில் மட்டும் கிடையாது. ரயில்வேக்கென உள்ள படிவத்தில் அரசு மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். திருநெல்வேலி வண்டியில் முழுக் கட்டணம் கொடுத்து இப்படிப்பட்ட பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளை இருக்கிற வீட்டார் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். படிவம் நிரப்பித் தருகிறோம்.

நான்காவது, நாக்கு. இது எல்லாவற்றிலும் கடினம். "போன பிறவிப் பாவம்" என்று தாயின் காதுபடச் சொல்கிறோம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தால், "தம்பி அப்படி இருக்கானே" என்று தட்டிவிடுகிறோம். அதனால்தான் விருந்தாள் வரும்போது பிள்ளையை உள்ளே மறைக்கிறார்கள். கதவுக்குப் பூட்டுப் போட்டது தாய் என்றால், அந்தப் பூட்டைச் செய்து கொடுத்தது நம் நாக்கு. பகுத்தறிவு பேசுகிற சங்கத்தார் வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நம் சங்கத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறோம். பொங்கல் விழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் பந்தல் போடுகிறோம். ஒலிபெருக்கிக்கு ஒரு செலவு, மாலைக்கு ஒரு செலவு. சங்க அறைக்கு ஏற மூன்று படிகள் இருக்கின்றன. ஒரு சாய்தளம் போட யாருக்கும் தோன்றவில்லை. வரும் பொங்கலில் மாலைச் செலவை நிறுத்தி அந்தப் பணத்தில் சாய்தளம் கட்ட வேண்டும் என்று செயற்குழுவில் முன்மொழிகிறோம். பொதுக் கழிவறையில் உட்காரும் வகை இருக்கை ஒன்றும் பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடியும் வேண்டும் என்று வார்டு அலுவலகத்துக்கு மனுத் தயார் செய்கிறோம். கையெழுத்துக்கு வருவோம்.

இது தர்மம் அல்ல, தோழர்களே. தர்மம் கொடுத்தவன் மறந்துவிடுவான், வாங்கியவன் குனிந்து நிற்பான். பிழைக்க வந்த ஊரில் ஒருவருக்கொருவர் நேரம் கொடுத்துத்தான் நாம் இத்தனை காலம் நின்றிருக்கிறோம். சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் வேலையை விட்டு ஓடுகிறோம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் கொடுக்க மாட்டோமா?

அடுத்த சந்தா வசூலுக்கு வரும்போது ரசீதுப் புத்தகத்தோடு இன்னொரு நோட்டும் கொண்டுவருகிறோம். அதில் பிள்ளையின் பெயர், வயது, என்ன உதவி தேவை என்று எழுதிக்கொள்வோம். எதிர்ப்பக்கத்தில், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வர முடியும் என்று நீங்கள் எழுத வேண்டும். அந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் பெயர் முதல் வரியில் எழுதியாகிவிட்டது. அதற்கு எதிரே இன்னும் இடம் காலியாக இருக்கிறது.