ஓசூரை எடுத்துட்டு கிருஷ்ணகிரி போடு

செமஸ்டர் லீவில் கைச்செலவுக்கு ஒரு வேலை கிடைத்தது. கார் ஷோரூம் வெப்சைட்டுக்கு எழுதணும், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. அட, நம்ம எழுத்துக்கும் விலை இருக்கே என்று போனால், ஒரு வேர்ட் ஃபைலை நீட்டினார்கள். "ஓசூரின் நம்பர் ஒன் டீலர், எங்கள் பிரம்மாண்ட ஷோரூமுக்கு வருக..."

"தம்பி, ஓசூரை எடுத்துட்டு கிருஷ்ணகிரி போடு. அப்புறம் சூளகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை... இருபது பக்கம் வேணும்."

நாலு பக்கம் செய்தேன். அதுக்கு மேல் முடியலைங்க.

ஊர் பேரை மட்டும் மாற்றி அடுக்குகிற பக்கங்களை கூகுளே ஸ்பேம் கணக்கில்தான் வைத்திருக்கிறது. சரி, கூகுளை விடுங்க. படிக்கிறவன் என்ன பாவம் செய்தான்?

வண்டி செய்கிற ஊர் இது. 1980-ல் டிவிஎஸ் 50 உருண்டு வந்தது இங்கிருந்துதான். அசோக் லேலண்ட், ஏத்தர் எல்லாம் இங்கே இருக்கு. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா. ஓசூரில் தூங்கி எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறவருக்கு முதல் கேள்வி மைலேஜ் இல்லை. நம்பர் டிஎன் 70-ஆ, கேஏ 51-ஆ?

மோட்டார் வாகனச் சட்டம் 1988 இதற்குப் பதில் வைத்திருக்கிறது. வண்டி வழக்கமாக எங்கே நிற்குமோ அங்கேதான் பதிவு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில நம்பர் வாங்கணும். அதற்குப் பழைய ஆர்டிஓவிடம் என்ஓசி, புது மாநிலத்தில் மறுபடி வரி. முதலில் கட்டியதில் மிச்சத்தைத் திரும்ப வாங்க தனியாக அலையணும். 2021-ல் வந்த பிஎச் நம்பர் இருந்தால் இந்த அலைச்சல் கிடையாது. அரசு ஊழியருக்கும், நாலு மாநிலத்திலாவது ஆபீஸ் உள்ள தனியார் கம்பெனி ஊழியருக்கும் அது கிடைக்கும். வரியும் இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம்.

இதைத்தானே எழுதணும்? மேனேஜரிடம் சொன்னேன். "அதெல்லாம் போட்டா குழப்பம். கஸ்டமர் நேர்ல வரட்டும், சொல்லிக்கலாம்" என்றார்.

என் மாமா 2022-ல் பெங்களூரில் ஒரு ஷோரூமுக்கு நேரில்தான் போனார். கேஏ நம்பரில் கார் எடுத்தார். அடுத்த வருஷமே குடும்பத்தோடு ஓசூர் வந்துவிட்டார். என்ஓசி, மறுபடி வரி, ரீஃபண்டுக்கு லீவு போட்டு நடை. அவர் கம்பெனிக்கு ஏழெட்டு மாநிலத்தில் கிளை உண்டு. பிஎச் என்று ஒரு வார்த்தை, சேல்ஸ்மேனும் சொல்லவில்லை, எந்த டீலர் பக்கத்திலும் அவர் கண்ணில் படவில்லை. எல்லா இடத்திலும் அதே கம்பெனி பிரவுச்சர், அதே சிரிக்கிற குடும்பப் படம். (அந்தக் குடும்பம் ஒரு தடவையாவது ஆர்டிஓ ஆபீஸ் வரிசையில் நின்றிருக்குமா?)

மாமாவிடம் நான் செய்த வேலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அந்த நாலு பக்கமும் நெட்டில் இருக்கு. தேன்கனிக்கோட்டை பக்கத்திலும் "எங்கள் பிரம்மாண்ட ஷோரூமுக்கு வருக" என்றுதான் போட்டிருக்கு. அங்கே அவர்களுக்கு ஷோரூமே கிடையாது.