தட்டு சரி, கணக்கு தப்பு

ராத்திரி பதினொன்றரைக்கு மேல் வரும் போன் இரண்டே வகை. ஒன்று சாவு. இன்னொன்று சர்வர்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி ஒரே டிஸ்க் போலக் காட்டும் ஏற்பாட்டுக்கு 'ரெய்ட்' என்று பெயர். 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்ஸன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்த பெயர். தத்துவம் சுலபம். முதல் டிஸ்க்கில் 4, இரண்டாவதில் 7, மூன்றாவதில் கூட்டுத்தொகை 11. எந்த ஒன்று செத்தாலும் மற்ற இரண்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். (நிஜத்தில் கூட்டல் இல்லை, எக்ஸ்-ஆர். விடுங்கள்.)

இதனால் 'நமக்கு ஒண்ணும் ஆகாது' என்று பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ரெய்ட் காப்பாற்றுவது டிஸ்க்கைத்தான். பைல் சிஸ்டத்தை அல்ல. எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பேரேடு அது. எழுதும்போது கரண்ட் போனாலோ, மெமரி பிசகினாலோ, பேரேட்டில் தப்பு விழலாம். ரெய்ட் அந்தத் தப்பையும் அட்சரம் பிசகாமல் பாதுகாக்கும். அவ்வளவு விசுவாசம்.

ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் தெரிந்த பையன் அப்படித்தான் கூப்பிட்டான். காலையில் சம்பளப் பட்டியல் பாங்குக்குப் போயாக வேண்டும். "சார், 'ஸ்ட்ரக்சர் நீட்ஸ் க்ளீனிங்'னு வருது. ரிப்பேர் போட்டுரட்டுமா?"

"கையை எடு!" என்றேன்.

ரிப்பேர் கடைசி. முதலில் எழுதுவதை நிறுத்த வேண்டும். அடுத்து கெர்னல் லாகையும் டிஸ்க்குகளின் 'ஸ்மார்ட்' ரிப்போர்ட்டையும் படிக்க வேண்டும். கோளாறு டிஸ்க்கிலா, கேபிளிலா, பேரேட்டிலா என்று தெரியாமல் மருந்து கொடுக்கக்கூடாது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ரிப்பேர் ஓட்டுவது, ஜுரக்காரனை மாரத்தான் ஓடச் சொல்வது மாதிரி.

மூன்றாவது, முழு நகல். 4 டெராபைட்டை செகண்டுக்கு 150 மெகாபைட் வேகத்தில் எடுத்தால் சுமார் ஏழரை மணி நேரம். ஏழரை என்றால் சும்மாவா?

பிறகு நகலின் மேல் 'எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்', அதுவும் முதலில் மைனஸ் என் போட்டு. பார்க்கும், தொடாது. ஜர்னல் லாகை அழிக்கும் மைனஸ் எல் வேறு வழியே இல்லாதபோதுதான். கடைசியாக எழுதியவை அதோடு போகலாம்.

அவனுக்கு வேறு வழி இல்லை. போட்டான். சம்பளப் பைல் 'லாஸ்ட் அண்ட் பவுண்ட்' டைரக்டரியில், பெயரை இழந்து வெறும் நம்பராகக் கிடந்தது. திறந்து பார்த்தால் முழுசாக இருந்தது. முந்தின நாள் போட்ட ஓவர்டைம் பைலைக் காணவே காணோம்.

ரிப்பேர் புரோகிராம் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அதன் வேலை பேரேட்டை முரண்பாடில்லாமல் ஆக்குவது; உங்கள் பைலைத் திருப்பித் தருவது அல்ல. ஒரு பக்கம் குழப்பமாக இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு 'கணக்கு சரி' என்று சொல்லும்.

திருப்பித் தருவது பேக்கப் மட்டும்தான். இருக்கு என்று சொல்லாதீர்கள். அதிலிருந்து ஒரு பைலையாவது எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?