நடக்கிறதுக்கு என்னத்துக்குக் காசு?

பெண்கள் மட்டும் சேர்ந்து மலையேறி, காட்டுயிர்களுக்குக் காசு சேர்க்கும் ஒரு பயணத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டில். வீட்டில் சொன்னேன். அம்மா கேட்டா: "நடக்கிறதுக்கு என்னத்துக்குப் பிள்ளை காசு?"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், சரியான கேள்வி.

நியூசிலாந்தில் கீவிக் குஞ்சுகளை அதிகம் கொல்வது ஸ்டோட். கீரி மாதிரி ஒரு விலங்கு. முயல்களை அடக்க 1880களில் கொண்டுவந்து விட்டார்கள். பாதுகாப்பில்லாத காட்டில் 100 குஞ்சு பொரித்தால் ஏறக்குறைய 5 தான் பெரிதாகும். பொறி வைத்தால் இது மாறும். ஆனால் யாராவது சேற்றில் நடந்துபோய், செத்ததை எடுத்து, திரும்ப இரை வைக்க வேண்டும். வைட்டாக்கரே காட்டில் 'ஆர்க் இன் த பார்க்' தொண்டர்கள் 2003 முதல் இப்படித்தான் நடக்கிறார்கள். அதனால்தான் கோக்காக்கோ பறவையை அங்கே திரும்பக் கொண்டுவர முடிந்தது.

அப்படியென்றால் விமானம் ஏறி ஏன் போகவேண்டும்? எங்கள் நகர மையத்திலேயே, வயடக்ட் துறைமுகத்தில் தொடங்கி ஒனஹங்கா வரை 16 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. டிக்கெட் காசு அப்படியே பொறிகளுக்குப் போகட்டும். பெண்கள் மட்டும் என்பதை நான் விடமாட்டேன். தனியே காட்டுக்கு விடாத வீடுகள், கூட்டமாகப் போனால் விடும்.

ஒரு நாள் காசுக்காக நடப்போம். அடுத்த மாதம் பொறி பார்க்க நடப்போம். இரண்டாவது நடைக்கு அம்மாவும் வாறாவாம்.