வழிகாட்டி காட்டாத சுவர்

சமீபத்தில் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் தோழர்கள் சுமார் இருபது பேர் சேர்ந்து புதுச்சேரிக்குப் போயிருந்தோம். இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரந்தான். அங்கே ரயிலடிக்குப் பக்கத்தில் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவைப் பார்ப்பது என்பது ஏற்பாடு. "சுயமரியாதைக்காரர்களுக்குக் கோவிலில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். வைத்தியன் நோயாளியின் வீட்டுக்குப் போகாமல் வேறு எங்கே போவான்? மக்களின் அறிவும் பணமும் எங்கே போய்ச் சேருகின்றன என்பதைக் கண்ணால் பார்த்து வந்து பேசுவதுதான் யோக்கியமான காரியம் என்பது நமது அபிப்பிராயம்.

வண்டிக்காரர் மூலமாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டோம். இருபத்தைந்து வயதுக்குள்பட்ட வாலிபர், மரியாதையுள்ளவர், தன் தொழிலை நன்றாகச் செய்தார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 1902-ல் வேலை தொடங்கி 1907-ல் திறக்கப்பட்டது என்றார். கூர்மாடக் கோபுரங்களைக் காட்டினார். வர்ணக் கண்ணாடிகளில் எழுதியிருந்த புனிதர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் காட்டினார். வெயில் பட்டதும் அந்தக் கண்ணாடிகள் சிவப்பும் நீலமுமாகத் தரையில் விழுந்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகை அழகு என்று சொல்லுவதில் பகுத்தறிவுக்காரனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அதைக் கட்டியது கொத்தனும் தச்சனும் சித்தாளும், சம்மனசுகள் அல்ல.

"2011-ல் போப் அவர்கள் இதற்குப் பசிலிக்கா பட்டம் கொடுத்தார்" என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். பசிலிக்கா என்றால் என்ன? ஆதியில் ரோமாபுரியில் வழக்கு விசாரிப்பதற்கும் வியாபாரம் பேசுவதற்கும் ஜனங்கள் கூடிய பெரிய மண்டபத்துக்குத்தான் அந்தப் பேர். அதாவது கச்சேரியும் சந்தையும் சேர்ந்த இடம். பின்னால் அதே மாதிரியில் கோவில் கட்டினார்கள். பேரும் கோவிலுக்கு வந்து சேர்ந்தது. இப்பொழுது அது போப் கொடுக்கும் ஒரு பட்டம். அதிலும் பெரிய பசிலிக்கா என்று நான்கு, நான்கும் ரோமாபுரியில். மற்றதெல்லாம் சின்னப் பசிலிக்கா. ஒரே கடவுளுக்கு, ஒரே ஜெபத்துக்கு, வீடுகளுக்குள் மாத்திரம் ஏன் பெரியது சின்னது? நமது நாட்டார் திவ்ய தேசம் 108 என்றும், பாடல் பெற்ற ஸ்தலம், பெறாத ஸ்தலம் என்றும் பிரித்தார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மனிதனுக்குள் ஜாதி வைத்தது போதாமல் கட்டடங்களுக்குள்ளும் ஜாதி வைத்துவிட்டார்கள்.

நிற்க. நம்மோடு வந்தவர்களில் ஒரு பெரியவர் உண்டு. திண்டிவனத்துக்குப் பக்கத்துச் சேரிக்காரர். அவருடைய பாட்டனார் காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். எல்லாவற்றையும் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தவர், கடைசியில் வழிகாட்டியைப் பார்த்து, "தம்பி, கண்ணாடி பார்த்தோம், தூண் பார்த்தோம், சாமியாருங்க பேரெல்லாம் கேட்டோம். எங்க ஜனம் அந்தக் காலத்திலே கோவிலுக்குள்ளே எங்கே உட்கார்ந்தாங்க, அதைச் சொல்லு" என்றார்.

அந்த வாலிபர் சற்று நேரம் திகைத்து, "ஐயா, எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் அது இல்லீங்க" என்றார்.

தோழர்களே! அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. நாம் சொல்ல வந்த சங்கதி முழுவதும் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கியிருக்கிறது. உலகத்தில் எந்தப் பெரிய கோவிலிலும் கட்டிய வருஷம் சொல்லிக்கொடுப்பார்கள். கும்பிட வந்தவனை எங்கே நிறுத்தினார்கள் என்பதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். ஆதலால் அந்தப் பாடத்தை நாமே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பசிலிக்காவில் சுவர் இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், மிஷன் வீதியில், சம்பா கோவில் என்று ஜனங்கள் சொல்லும் பெரிய கோவில் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1791-ல் முடிந்தது. அதே இடத்தில் அதற்கு முன் இருந்த கோவிலை 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த இங்கிலீஷ்காரர்கள் இடித்துவிட்டார்கள். அந்தப் பழைய கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் ஜாதிக் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். இதை நாம் கற்பனை செய்யவில்லை. பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதி வைத்த நாட்குறிப்பில் 1745-ம் வருஷத்துச் சேதியாக இது இருக்கிறது. நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, எங்களுக்கு மாத்திரம் ஏன் சுவர் என்று தாழ்த்தப்பட்ட மக்கள் பாதிரியிடம் போய்க் கேட்டார்கள். நியாயம் என்று கண்டு பாதிரி சுவரை எடுக்கச் செய்தார். உடனே ஜாதிக் கிறிஸ்தவர்களுக்குள் பெரிய கலகம்!

கவனியுங்கள். சுவரை எடுக்கும்படி கேட்டது ஆண்டவர் அல்ல; மாதா அல்ல; கண்ணாடியில் எழுதிய எந்தப் புனிதரும் அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் கேட்டான். கேட்டதால்தான் சுவர் போயிற்று.

அப்படியானால் சுவர் எப்படி வந்தது? 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் டி நோபிலி, சந்நியாசி வேஷம் பூண்டு, பூணூலும் சந்தனமும் தரித்து, கீழ்ஜாதி என்று சொல்லப்பட்ட கிறிஸ்தவர்களோடு ஒட்டாமல் தனியே வாழ்ந்து, மேல்ஜாதிக்காரர்களை மதத்தில் சேர்க்கப் பார்த்தார். இது தகுமா என்று ரோமாபுரி வரையில் வழக்குப் போயிற்று. 1623-ல் பதினைந்தாம் கிரகோரி போப், புதிதாகச் சேருகிறவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு கொடுத்தார். தாழ்ந்தவர்களை இகழக்கூடாது என்று கூடவே ஒரு புத்திமதியும் சொன்னார். உத்தரவு ஊரெல்லாம் நடந்தது. புத்திமதி காகிதத்தோடு நின்றது. எண்பது வருஷம் கழித்து, 1704-ல், போப்பின் தூதராக வந்த தூர்னோன் என்பவர் இதே புதுச்சேரியில் இருந்துகொண்டு, பறையர் வீடுகளுக்கும் பாதிரிகள் போய் நோயாளிகளுக்குச் சடங்கு செய்ய வேண்டும் என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. சாகக் கிடக்கிறவன் வீட்டுக்குள் நுழைவதற்கே பாதிரிக்கு உத்தரவு வேண்டியிருந்தது என்றால், அந்த மதத்துக்குள் ஜாதி எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

"இதெல்லாம் பழைய கதை" என்பார்கள். சரி, கொஞ்சம் கிட்ட வருவோம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலை நடுவே பிரித்து, ஒரு பக்கம் வேளாளரும் மறுபக்கம் நாடார்களுமாக உட்கார்ந்தார்கள். 1910-ல் அந்தத் தடுப்பை இடித்தபோது, எங்கள் உரிமை போயிற்று என்று மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போய், சென்னை ஐகோர்ட்டு வரையில் வழக்காடித் தோற்றார்கள். அன்பே கடவுள் என்று படிக்கிற கூட்டம், பக்கத்தில் உட்காருகிற மனிதனைத் தடுப்பதற்காகச் சட்டப் புஸ்தகத்தைத் தூக்கியது!

அதுவும் பழசு என்றால் நம்முடைய ஜில்லாவுக்கே வருவோம். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் எறையூர். இப்பொழுது கள்ளக்குறிச்சி ஜில்லா. 2008-ல் விழுப்புரம் ஜில்லா. ஊர் நிறையக் கிறிஸ்தவர்கள். பெரிய கோவிலில் தங்களைச் சமமாக நடத்தவில்லை என்றும், தங்கள் பிணம் பொதுப்பாதையில் கோவிலுக்குப் போக முடியவில்லை என்றும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் முறையிட்டார்கள். தாங்கள் எழுப்பிய சகாயமாதா கோவிலைத் தனிப் பங்காக்கித் தரும்படி கேட்டார்கள். ஜாதிக் கிறிஸ்தவர்கள் அதையும் எதிர்த்தார்கள். கூட உட்காரவும் விடமாட்டார்கள். தனியாகப் போகவும் விடமாட்டார்கள்! 2008 மார்ச் 9-ந் தேதி கலகம் மூண்டு, தாழ்த்தப்பட்டவர்களின் வீடுகள் தாக்கப்பட்டு, போலீசார் சுட்டதில் இரண்டு பேர் மாண்டார்கள். மாண்ட இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அடித்தவனும் கிறிஸ்தவன், அடிபட்டவனும் கிறிஸ்தவன், செத்தவனும் கிறிஸ்தவன். அந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை பூசை உண்டு. ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே சரீரம் ஆகிறோம் என்று சொல்லுவதும் உண்டு. அப்பத்தில் ஒரே சரீரம், பாதையில் வேறு சரீரமா?

இதைப் படிக்கும் ஹிந்து நண்பர்கள் சிலர் இப்பொழுது உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளக்கூடும். சிரிக்க வேண்டாம். அந்த நோய் அவர்கள் வீட்டுக்கு ஜெருசலேமிலிருந்து கப்பலேறி வரவில்லை. உங்கள் வீட்டிலிருந்து சீதனமாகப் போயிற்று. நாங்கள் புதுச்சேரிக்குப் போன விழுப்புரம் பாதைப் பக்கத்திலேயே மேல்பாதி என்கிற ஊர் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அங்கே திரௌபதி அம்மன் கோவிலுக்குள் போன ஆதிதிராவிட வாலிபர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோவிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் போலீஸ் பந்தோபஸ்தோடுதான் அந்த மக்கள் உள்ளே கால் வைக்க முடிந்தது. நெருப்பிலே பிறந்தவள் என்று சொல்லப்படும் அம்மனுக்குச் சர்க்கார் அதிகாரி வைத்த அரக்கு முத்திரையை உருக்கச் சக்தி இல்லை! ஆகவே எறையூரைக் காட்டி மேல்பாதிக்காரனும், மேல்பாதியைக் காட்டி எறையூர்க்காரனும் தப்பித்துக்கொள்ள முடியாது.

"சுவரை இடித்தவர்களும் பாதிரிகள்தானே, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வைத்தவர்களும் அவர்கள்தானே" என்று ஒரு கேள்வி வரும். வாஸ்தவம். வேறு யாரும் எழுத்துச் சொல்லிக்கொடுக்காத காலத்தில் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததை நாம் மறுக்கவில்லை, நன்றியோடே சொல்லுவோம். ஆனால் பள்ளிக்கூடத்தில் சமமாக உட்கார வைத்தவர்களால் கோவிலில் சமமாக உட்கார வைக்க ஏன் இத்தனை நூற்றாண்டு முடியவில்லை? காரணம் வெளிப்படை. பள்ளிக்கூடத்தில் அறிவு நடத்துகிறது; கோவிலில் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டும் என்கிற பயம் நடத்துகிறது. மேல்ஜாதிக்காரன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் தேர் யார் இழுப்பது, காணிக்கை யார் போடுவது என்கிற கணக்குத்தான் சுவராக எழுந்து நிற்கிறது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட ஒரு கொள்கை அறிக்கையில், தங்கள் சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் அது பாவம் என்றும் ஒப்புக்கொண்டது. நாட்டில் சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தாழ்த்தப்பட்டவர்கள் என்பதும் அதில் வெளியான கணக்கு. மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கமாக இருக்கிற ஜனத்துக்கு ஓரம். மீதிப் பேருக்கு நடு மண்டபம்! 2022-ல் அந்தோணி பூலா அவர்கள் கர்தினால் ஆனபோது, அந்தப் பதவிக்கு வந்த முதல் தாழ்த்தப்பட்டவர் என்று கொண்டாடினார்கள். சந்தோஷம். ஆனால் முதலாமவர் வர 2022 வரையில் ஆயிற்றே என்று வெட்கப்பட்டவர் எத்தனை பேர்?

சர்க்காரின் வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு, ஹிந்துவாக இருந்தால்தான் ஷெட்யூல்டு ஜாதி என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் ஜாதி கரைந்துவிட்டது என்று டில்லியில் எழுதி வைத்திருக்கிறார்கள். கரையவில்லை என்று எறையூர்ச் சுடுகாட்டுப் பாதை சொல்லுகிறது. சலுகை கேட்கும்போது "நீ கிறிஸ்தவன்", பக்கத்தில் உட்காரப் போனால் "நீ பறையன்". இரண்டு பக்கமும் ஒருவனையே உதைப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே தோழர்களே, கோவிலைப் பார்க்கப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். கைகூப்பிக்கொண்டு போகாமல் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். எந்த மதத்துக் கோவிலானாலும், யார் கட்டியது என்று கேட்ட பிறகு, யார் எங்கே நின்றார்கள், யாருடைய பிணம் எந்த வழியாகப் போயிற்று, யார் பூசை செய்யக்கூடாது, பெண்கள் ஏன் பீடத்துக்கு ஏறக்கூடாது என்பதையும் கேளுங்கள். வழிகாட்டிக்குத் தெரியாவிட்டால் அவரைக் கோபிக்காதீர்கள், நீங்கள் சொல்லிக்கொடுங்கள். மதம் மாறினால் ஜாதி போய்விடும் என்று நம்பி ஒரு கோவிலை விட்டு இன்னொரு கோவிலுக்கு ஓடுகிறவன், ஒழுகுகிற வீட்டை விட்டு ஓட்டைக் குடைக்குள் புகுந்தவன் ஆவான். 1745-ல் சுவரைப் பெயர்த்தது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவனுடைய சுயமரியாதைதான். இனி மிச்சமிருக்கும் சுவர்களைப் பெயர்க்கப் போவதும் அதுதான்.

திரும்பி வரும்போது அந்த வாலிபர் வண்டி வரையில் வந்தார். பெரியவரிடம், "ஐயா, இனிமேல் வர்றவங்களுக்கு அந்தச் சுவரையும் சொல்றேன்" என்றார். பெரியவர் அவர் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினார். அன்றைக்கு நாம் கொடுத்த வண்டிச் சத்தம் வீண்போகவில்லை என்று எண்ணிக்கொண்டோம்.